மரத்தரை போட்ட அத்தான்

என் அக்காவைக் கட்டிய அத்தான், எங்கே எது பிசகினாலும் முதலில் "என் தப்புதான்" என்று சொல்லிவிடுவார். அப்புறம்தான் என்ன நடந்தது என்று கேட்பார். கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு எங்கள் ஊருக்கு வந்தபோதே அதைக் கவனித்தோம். நயினார்கோவில் பஸ் வழியில் பஞ்சராகி, சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்து இறங்கினார்கள். வாசலில் காத்துக்கிடந்த எங்கள் அய்யாவைப் பார்த்ததும், "மாமா, என் தப்புதான். முந்தின பஸ்ஸுக்கே கெளம்பிருக்கணும்" என்றார். புது மாப்பிள்ளைக்கு என்ன அடக்கம் என்று எல்லோரும் பூரித்துப்போனோம். அக்கா மட்டும், "பஸ்ஸு பஞ்சரானதுக்கு இவரு என்ன பண்ணுவாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அத்தான் துபாயில் பார்த்தது ஒரு கிளீனிங் கம்பெனி வேலை. பெரிய பெரிய வீடுகளில் தரை துடைப்பது. கல் தரை, கம்பளம் எல்லாம் உண்டு என்றாலும் அவரை அதிகமும் அனுப்பியது மரத்தரை போட்ட வீடுகளுக்கு. அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டதே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது கேட்டால்கூட, "அங்கன தரை தொடச்சேன்" என்பார். பக்கத்தில் இருக்கிற அக்கா, "சூப்பர்வைசர் மாதிரி" என்று அவசரமாகச் சேர்ப்பாள்.

துபாயை முடித்துக்கொண்டு வந்து இராமநாதபுரத்தில் ரயிலடிக்குப் பின்பக்கம் வீடு கட்டினார். நான் அதே ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். எனக்கும் அவர் வீட்டுக்கும் இரண்டு தெருதான். அதனால் வீடு எழும்பியதை அஸ்திவாரத்திலிருந்து பார்த்தேன். எல்லா அறைக்கும் டைல்ஸ் போடச் சம்மதித்தவர், ஹாலுக்கு மட்டும் தேக்குப் பலகைதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். கொத்தனார், "கடக்காத்து அடிக்கிற ஊருய்யா இது, மரம் ஊதிப் போகும்" என்றார். ஆசாரி கரையான் பேரைச் சொல்லிப் பயமுறுத்தினார். அத்தான் இருவருக்கும் தலையாட்டிவிட்டு மதுரையிலிருந்து பலகையை இறக்கினார்.

இறக்கியதை உடனே அடிக்கவும் விடவில்லை. இந்த ஊர்க் காற்றுக்குப் பழகட்டும் என்று ஹாலிலேயே இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கிப் போட்டுவைத்தார். அடிக்கும்போது சுவரோரம் சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, அது தெரியாமலிருக்க மேலே ஒரு பட்டி அடிக்கச் சொன்னார். "ஐப்பசி கார்த்திகையில இது மூச்சு இழுக்கும் மாப்ள. இழுக்கிறதுக்கு எடம் வேணும்ல" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த அய்யா செருப்பைக் கழற்றிவிட்டு, ஹாலில் காலை வைத்து வைத்து எடுத்தார். "பரண் மேல நிக்கிற மாதிரி இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சமையல்கட்டில் டைல்ஸில் உட்கார்ந்துகொண்டார். எதற்கு இந்த மரம் என்று அக்கா கேட்டதற்கு அத்தான், "அம்புட்டு வருசம் அடுத்தவன் வீட்லயே தொடச்சாச்சு. நம்ம வீட்லயும் இருக்கட்டுமே" என்றார். பகட்டுக்குத்தான் செய்கிறார் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தத் தரையை வேறு யாரும் தொட விடமாட்டார். ஈர்க்குமாறு ஹாலுக்குள் வரக்கூடாது. மெத்தென்ற பிரஷ் ஒன்றை நீளக் கம்பில் மாட்டி வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் பலகை ஓடுகிற வாக்கிலேயே அதைத் தள்ளிக்கொண்டு போவார். எங்கள் ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை, ஜன்னலைத் திறந்தால் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். "கால்ல ஒட்டுன மணலு உப்புத்தாள் கணக்கா தேச்சிரும் மாப்ள" என்று வாசலில் ஒரு மிதியடி, நிலைக்கு உள்ளே ஒரு மிதியடி போட்டிருந்தார். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய கம்பளியை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தார். வாரத்துக்கொரு தரம் ஈரத்துணி. அதையும் பிழி பிழி என்று பிழிந்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருக்கலாம், ஈரம் ஒட்டக்கூடாது. துடைத்த கையோடு காய்ந்த துணியால் இன்னொரு தரம். மழை ஓய்ந்து காற்று உலர்ந்ததும் ஒரு நாள் மெழுகு. முழங்கால் போட்டு ஒரு மூலையில் ஆரம்பித்தார் என்றால் எதிர்மூலையில் போய்த்தான் நிமிர்வார். அன்றைக்கு அக்கா பின்வாசல் வழியாகத்தான் வந்துபோக வேண்டும்.

தரையில் ஈரம் என்றால் அவருக்கு ஆகாது. கால் கழுவிவிட்டு வருகிறவர்களை நிலையிலேயே மறித்து, குனிந்து, தோளில் கிடக்கும் துண்டால் அவரே துடைத்துவிடுவார். சொந்தத்தில் பெரியவர்கள் எல்லாம் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொள்வார்கள். "அட, காட்டுங்க" என்று விடமாட்டார்.

ஒருதரம் நான் கை நழுவி அந்த ஹாலில் காபியைக் கொட்டிவிட்டேன். அத்தான் பாய்ந்து வந்து துண்டைக் காபி மேல் போட்டு அழுத்தினார். தேய்க்கவில்லை, அழுத்தி, மடித்து, திரும்ப அழுத்தினார்.

"என் தப்புதான் மாப்ள. இங்கன ஒரு ஸ்டூலு போட்டிருக்கணும்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அவன் கையில வழுக்குனதுக்கு நீங்க என்னத்துக்கு? ஊர்ல மழை பேயலைன்னாலும் உங்க தப்புத்தானா?"

"மரம் நட்டிருக்கணும்ல" என்றார் அத்தான். சிரித்துக்கொண்டே சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொரு தரம் பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் எதிர்ப்பக்கமாக வந்த ஒரு பையன் தன் பைக்கால் அத்தான் வண்டியை இடித்துத் தள்ளினான். அத்தானுக்கு முழங்கைத் தோல் பெயர்ந்து ரத்தம். கூடிய கூட்டம் பையனை அடிக்கப் போயிற்று. அத்தான் குறுக்கே விழுந்து, "நான்தான் ஆரன் அடிக்கல, என் தப்புதான், விடுங்கப்பா" என்று அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு எங்கள் மருந்துக்கடைக்கே வந்துவிட்டார். அவன் காலில் ஒரு சிராய்ப்புத்தான். அதற்கு முதலில் மருந்து போடச் சொன்னார். பையன் என்னைப் பார்த்து, இந்த மனுசனுக்கு ஏதாவது ஒரு மாதிரியா என்று கண்ணாலேயே கேட்டான்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான் நாங்கள். எங்கள் அய்யா செத்த அன்றைக்கு அந்தச் சிரிப்பு நின்றது. மாரை அடைக்கிறது என்று அய்யா விடியற்காலையிலேயே சொல்லியிருக்கிறார். வாயுவாக இருக்கும் என்று அம்மா வெந்நீர் கொடுத்தாள். எனக்குப் போன் வந்தபோது நானும், மாத்திரை பேரைச் சொல்லி, போட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள் என்றேன். அத்தான்தான் கார் எடுத்துக்கொண்டு ஓடினார். இராமநாதபுரம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அய்யா இல்லை. பிணத்தைக் கொண்டுவந்து வீட்டில் கிடத்தியபோது அத்தான் எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டார். "என் தப்புதான். இன்னும் வெரசா ஓட்டிருக்கணும். என் தப்புதான்."

அன்றைக்கு, 'இல்லை, உங்கள் தப்பில்லை' என்று யாரும் சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. அந்தப் பழி யார் தலையிலாவது இறங்க வேண்டியிருந்தது. அவர் தலையை நீட்டினார், நாங்கள் வைத்துவிட்டோம். அதன் பிறகு அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வேறு பக்கம் பார்க்கத் தோன்றும்.

அவர் அவ்வப்போது மாரியூர்ப் பக்கம் போய்வருவார். சாயல்குடி தாண்டிக் கடலோரத்தில் இருக்கிற மீனவர் ஊர் அது. எங்களுக்கு அங்கே சொந்தம் பந்தம் யாரும் கிடையாது. "சும்மா, காத்து வாங்கப் போறேன்" என்பார். ஒருதரம் நானும் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில், பனைகளுக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் கரையில் ஏற்றிவைத்த படகுகளும், ஓலைப்பந்தலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிற ஆட்களும் தெரியும். அத்தான் இறங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், போட்டார்.

"யாரையும் பாக்கணுமா அத்தான்?"

"இல்ல மாப்ள. வா, போவோம்."

கடலோரம் வரைகூடப் போகவில்லை. அப்படியே திரும்பிவிட்டோம்.

என் மகளுக்கு நயினார்கோவிலில் காது குத்தினோம். குடும்பம் மொத்தமும் காலையிலேயே போய்விட்டு, சாயங்காலம்தான் திரும்பினோம். அத்தான் வீட்டில் இறங்கி அக்கா கதவைத் திறந்ததும் அலறினாள். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரை அவள் போட்டுவிட்டு அணைக்காமல் வந்திருக்கிறாள். தொட்டி நிறைந்து வழிந்து, மாடியில் தண்ணீர் போகிற துவாரத்தைச் சருகு அடைத்து, மொத்தமும் படிக்கட்டு வழியாக இறங்கி ஹாலில் நின்றது. தேக்குப் பலகை தண்ணீருக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்தது.

நாங்கள் எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். "நான்தாங்க. மோட்டாரப் போட்டது நான்தான். நிப்பாட்ட மறந்துட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, இது என் தப்பு."

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லிட்டியே" என்றார். "உடனே சொல்லிட்டியே தாயி." அப்புறம் அந்தத் தண்ணீரிலேயே வேட்டியோடு உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மரத்துக்காக அழுகிறார் என்று நினைத்து அக்கா பதறிப்போனாள்.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு நான் போனேன். தண்ணீரை இறைத்துத் துடைத்து, மின்விசிறியைப் போட்டு, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தார். பலகைகளின் ஓரங்கள் உதடு மாதிரி மேலே எழும்பியிருந்தன. அடியில் காற்றுப் போக வேண்டும் என்று சுவரோரப் பட்டியை நெம்பி எடுத்தோம். பிறகு பலகைகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினோம். அப்படிக் கிளப்பிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

துபாய் போன புதிதில் அவரும் மாரியூர்க்காரர் ஒருவரும் ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள். ஒரே வயது, ஒரே மாவட்டம், ஒரே பானைச் சோறு. ஒரு பணக்காரர் வீட்டில் புதிதாகப் போட்ட மரத்தரை. அந்த ஹாலைத் துடைக்கிற பொறுப்பு மாரியூர்க்காரருடையது. ஒரு வியாழக்கிழமை அவருக்குக் கடுமையான காய்ச்சல். 'எனக்குப் பதிலா நீ போய்த் தொடச்சிட்டு வந்துரு' என்று கேட்டிருக்கிறார். அப்படி ஆள் மாறிப் போவது கம்பெனியில் கூடாது என்றாலும் அத்தான் போனார். துடைத்து முடித்து, வாளியையும் ஊறின மாப்பையும் ஹாலின் மூலையிலேயே வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை லீவு நினைப்பில் கிளம்பி வந்துவிட்டார். வாளியில் கீறல் இருந்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. சனிக்கிழமை போய்த் திறந்தபோது மூலையிலிருந்து பாதி ஹால் வரை பலகை புடைத்து நின்றது.

சூப்பர்வைசர் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, யார் என்று கேட்டார்.

"அவன் என்னையப் பாத்தான் மாப்ள. காட்டிக் குடுக்கிற பார்வை இல்ல. நானா சொல்லுவேன்னு பாத்தான். நான் கீழ பாத்துக்கிட்டே நின்னேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. என் தப்புதான்னு ரெண்டு வார்த்தை. சொல்லல."

ஹால் மாரியூர்க்காரருடையது என்பதால் தப்பும் அவருடையது என்று ஆயிற்று. ஆள் மாறியதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்று அவரும் பேசாமல் இருந்துவிட்டார். விசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்கு, தான் புதிதாக வாங்கிய போர்வையை மாரியூர்க்காரர் அத்தானின் கட்டில் மேல் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஊருக்கு வந்த பிறகுதான் அவருக்கு நிஜமான கஷ்டம். துபாய் போன ஆள் வருசம் திரும்புவதற்குள் வந்து நிற்கிறானே என்று ஊர் துருவியிருக்கிறது. யாரோ ஒருவர் மூலமாக விஷயம் கசிந்து, பணக்காரர் வீட்டுத் தரையைத் தண்ணீரில் ஊறப்போட்டவன் என்று பேராயிற்று. அப்புறம் அதுவே பட்டப்பெயர். ஊறப்போட்டான். கடலுக்குக் கூப்பிடுகிறவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பிறந்ததும் அது ஊறப்போட்டான் மகள் ஆயிற்று.

"இம்புட்டும் எனக்குத் தெரியும் மாப்ள. லீவுல வாரப்பல்லாம் சாயல்குடியில விசாரிச்சுத் தெரிஞ்சுக்குவேன். பனை வரைக்கும் போவேன். அதுக்கு அங்கிட்டு காலு வராது."

கையிலிருந்த பலகையை அவர் கீழே வைக்கவே இல்லை. நான் வாங்கி வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பனைகளைத் தாண்டும்போது என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓலைப்பந்தலுக்குக் கீழே நாலைந்து பேர் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, திரும்ப வலையைப் பார்த்தார்.

"வந்துட்டியா" என்றார். "நீ அங்கன வந்து வந்து நின்னுட்டுப் போறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நானா வந்து கையப் பிடிச்சுக் கூப்பிடணுமாக்கும்."

அத்தான் மணலில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரியாததையா சொல்லப்போற? இந்தா உக்காந்திருக்காகள்ல, இவுககிட்டச் சொல்லு."

வலை பொத்திய கைகள் நின்றன. அத்தானுக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாளைக்கு நூறு தரம் அந்த வார்த்தையைச் சொல்கிற மனுசன்.

"துபாயில அந்தத் தரைய ஊறப்போட்டது நான். இவன் இல்ல. இவன் காய்ச்சல்ல ரூம்ல கெடந்தான். கேட்டப்ப நான் சொல்லாம நின்னுட்டேன். என் தப்பு."

அவர்களில் மூத்தவர் ஒருவர், "அப்ப நெசமான ஊறப்போட்டான் நீதானா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மாரியூர்க்காரர் சிரிக்கவில்லை. அவருடைய கண் எங்களுக்குப் பின்னால் போயிருந்தது.

திரும்பிப் பார்த்தோம். தூக்குவாளியில் சாப்பாட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். காலேஜில் படிக்கிற வயசு. அவருடைய மகள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று அத்தானைக் கேட்டாள்.

"பயம் தாயி. ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயம்."

"எங்க அப்பாவ அனுப்புனாங்களே."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்களாச்சும் சொல்லிருக்கலாம்லப்பா."

"சொன்னா யாரு நம்புவா?"

"நான் நம்பிருப்பேன்."

அவள் அப்பாவுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள். "ஸ்கூல்ல எல்லாரும் அந்தப் பேரச் சொல்லிச் சிரிக்கிறாங்க, நீங்க அங்கிட்டு வரவே வராதீங்கன்னு உங்கள நான்..."

"அதெல்லாம் எனக்கு ஞாபகமில்ல" என்றார் மாரியூர்க்காரர். சொல்லிவிட்டுக் குனிந்து வலையை எடுத்தார். ஊசி கையில் இருந்தது, கை ஓடவில்லை.

நாங்கள் எழுந்தோம். உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பும்போது பார்த்தேன். அந்தப் பெண் அப்பாவுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, வாளியைத் திறக்காமல், முகத்தை முழங்காலில் வைத்திருந்தாள்.

வழியில் உப்பளம் தெரிகிற இடத்தில் அத்தான் நிறுத்தச் சொன்னார். இறங்கி ஓரமாகப் போய் நின்றார்.

"நான் எறக்கி வச்சிட்டேன் மாப்ள" என்றார். "அந்தப் புள்ள தலையில எறக்கி வச்சிட்டு வந்துட்டேன்."

அய்யா செத்த அன்றைக்குச் சொல்லாத வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் இப்போது அதைச் சொன்னால் பொய்யாகிவிடும். வெயில் தாங்கவில்லை என்று சொல்லி அவரை வண்டியில் ஏற்றினேன்.

அதற்கப்புறம் அத்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பலகைகள் மெல்ல மெல்லக் காய்ந்தன. காய்ந்ததும் திரும்ப அடித்தார்; ஆனாலும் முன்போல மட்டமாக உட்காரவில்லை. நடந்தால் உள்ளங்காலில் வரிவரியாகத் தட்டுப்படும். இழைப்புளி போட்டுச் சீவிவிடலாம் என்று ஆசாரி சொன்னதற்கு, "இன்னும் உள்ள ஈரம் இருக்கும், பொறு" என்று தள்ளிப்போட்டார். அக்கா அவரிடம் தரையைப் பற்றி எதுவுமே பேசுவதில்லை. மோட்டார் போட்டால், நிறுத்துகிற வரை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அந்தப் பெண் நின்றாள். இராமநாதபுரத்தில்தான் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாளாம். சாயல்குடியில் கேட்டு, இங்கே ரயிலடியில் கேட்டு, வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். அத்தான் எழுந்து நின்றுவிட்டார். அக்காவுக்கு ஆள் தெரியாததால் என் முகத்தைப் பார்த்தாள்.

"மரத்தரைன்னா எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றாள் அந்தப் பெண். "நான் பாத்ததே இல்ல."

உள்ளே வந்து ஹாலின் நடுவில் நின்றாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். எழும்பியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அதுவும் இப்படித்தான் ஆச்சா?"

"இப்படித்தான்" என்றார் அத்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் தாயி."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"இன்னைக்குக் காலேஜ்ல பெத்தவங்க மீட்டிங். போன மீட்டிங்குக்கு அப்பாவ நான்தான் வரச்சொன்னேன். வந்தாரு. கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு, கருவாட்டுப் பைய வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாரு. எத்தன தரம் கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டேங்கிறாரு. இன்னைக்கும் வாராரு."

அத்தான் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார்.

"எப்ப வாராரு?"

"இப்ப வந்துருப்பாரு."

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு நானும் வரவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண் முன்னால் நடக்க, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் பின்னால் போனார். நானும் அக்காவும் வாசலில் நின்று, அவர்கள் தெருமுனை திரும்புகிற வரை பார்த்தோம். மாரியூர்க்காரரைப் பற்றி அன்றைக்குத்தான் அக்காவுக்குச் சொன்னேன்.

அத்தான் பொழுது சாயத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார், தண்ணீர் கேட்டார், குடித்தார். அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"என்னாச்சுங்க?"

டம்ளரை அவளிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்.

"மூணு பேரும் உள்ள போனோம்."